வளரிளம் பெண்களுக்கான ஊட்டச்சத்துக் கல்வி

வளரிளம் பெண்களுக்கான ஊட்டச்சத்துக் கல்வி என்பது 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு உணவு, இரத்தசோகை, உடல்வளர்ச்சி ஆகியவை பற்றி அளிக்கப்படும் நலக்கல்வி ஆகும். இந்தியாவில் இது பள்ளிகள், அங்கன்வாடி மையங்கள் ஆகியவற்றின் வழியாக வழங்கப்படுகிறது.

தேவை

வளரிளம் பருவத்தில் உடல் விரைவாக வளர்வதாலும் மாதவிடாயில் குருதி இழப்பு ஏற்படுவதாலும் இரும்புச்சத்துத் தேவை மிகுகிறது. 12 வயதுக்கு மேற்பட்ட, கருவுறாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை எனப்படும். சோர்வு, மூச்சுவாங்கல், கவனக்குறைவு ஆகியன இதன் அறிகுறிகள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். இவ்விரண்டும் தொடர்புடையவை. இரத்தசோகையுடன் கருவுறும் தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகுதி. அத்தகைய குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. கருவுற்ற பின் தொடங்கும் மருத்துவம் பலருக்குக் காலந்தாழ்ந்ததாக அமைவதால், தடுப்பு வளரிளம் பருவத்திலேயே தொடங்க வேண்டியுள்ளது.

திட்டங்கள்

2010-இல் நடுவண் அரசு தொடங்கிய சப்லா திட்டத்தில் ஊட்டச்சத்துக் கல்வி ஒரு கூறாக இருந்தது. பின்னர் வாராந்திர இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் தொடங்கிய இரத்தசோகையற்ற இந்தியா திட்டத்தின்படி, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட நீல நிற மாத்திரை வாரம் ஒன்று தரப்படுகிறது. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மருந்தும் அளிக்கப்படுகிறது.

கற்பிக்கப்படுவன

* முருங்கைக்கீரை, கம்பு, பயறுகள், கொள்ளு முதலியன இரும்புச்சத்து உள்ள உணவுகள். ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படும்.
* எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றின் உயிர்ச்சத்து சி, தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவும்.
* தேநீர், காப்பி ஆகியன இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், உணவுடன் அருந்தாமல் ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.
* மாத்திரையை வெறும் வயிற்றில் உண்ணாமல் உணவுக்குப் பின் உண்டால் குமட்டல் குறையும். மலம் கருநிறமாவது தீங்கற்றது. இதனை முன்னரே அறியாதவர்கள் அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடக்கூடும்.

வரம்புகள்

எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைபாட்டால் வருவதன்று. உயிர்ச்சத்து பி12 குறைபாடு, தாலசீமியா போன்றவையும் காரணமாகலாம். எனவே அறிகுறி உள்ளவர்களுக்குக் குருதிப் பரிசோதனை தேவை. மேலும், வீட்டில் என்ன சமைப்பது, யார் முதலில் உண்பது என்பதைப் பெரும்பாலும் சிறுமியர் முடிவு செய்வதில்லை. ஆகவே பெற்றோருக்கும் இக்கல்வி சென்று சேர்வது இன்றியமையாதது.