முற்றிய எச்.ஐ.வி. நோயில் ஆயுள் கணிப்பு

முற்றிய எச்.ஐ.வி. நோயாளி இன்னும் எவ்வளவு காலம் பிழைத்திருப்பார் என்று மதிப்பிடும் மருத்துவக் கணிப்பு. பெரியவர்களுக்கு ஒரு கனமில்லிமீட்டர் இரத்தத்தில் சிடி4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கினாலோ, நோய் 3 அல்லது 4-ஆம் கட்டத்தை எட்டினாலோ அது முற்றிய நிலை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு வரையறை.

1981-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நிமோசிஸ்டிஸ் நிமோனியா கண்ட ஐந்து ஆண்களைப் பற்றிய அறிக்கை வந்தபோது கிருமியே பிடிபட்டிருக்கவில்லை. பிறகும் சில ஆண்டுகள், எந்தத் தொற்று வந்திருக்கிறது என்பதை வைத்தே மருத்துவர்கள் நாள் குறித்தார்கள். 1989-இல் மருத்துவர்கள் ஏமி ஜஸ்டிஸ், ஆல்வன் ஃபைன்ஸ்டைன் குழுவினர் நோயின் பெயரை விட்டுவிட்டு உடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள்: கடும் வயிற்றுப்போக்கு, குறைந்த அல்புமின், நரம்புக் கோளாறு, ஆக்சிஜன் வீழ்ச்சி. காலத்தை முந்திய பார்வை அது.

1996-இல் பிட்ஸ்பர்க்கின் ஜான் மெல்லர்ஸ் குழு, 180 ஆண்களிடம் பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து உறையவைத்த இரத்த மாதிரிகளில் வைரஸை அளந்தது. அவர்களில் யார் யார் இறந்தார்கள் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. சிடி4-ஐ விட வைரஸ் அளவே முடிவைச் சரியாகச் சொன்னது. பள்ளத்தை நோக்கி ஓடும் ரயிலுக்குச் சிடி4 மிச்சமுள்ள தூரம், வைரஸ் அளவு வேகம் என்பது வைரஸ் ஆய்வாளர் ஜான் காஃபின் சொன்ன விளக்கம்.

அதே ஆண்டு கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது, கணக்குகள் மாறின. ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்த 12,574 பேரின் தரவுகளை 2002-இல் ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு அலசியபோது, சிகிச்சை தொடங்கும்போதுள்ள சிடி4 மீண்டும் முன்னுக்கு வந்தது. மறு ஆண்டே அதுவும் பின்னுக்குப் போனது: ஆறு மாதச் சிகிச்சைக்குப் பிந்தைய சிடி4, வைரஸ் எண்களே ஆயுளைச் சொல்கின்றன என்று அதே கூட்டமைப்பு கண்டது.

ஏழை நாடுகளில் சிடி4 கருவி இல்லாத இடங்களில் மொத்த லிம்போசைட்டு அணுக்கள் ஒரு கனமில்லிமீட்டருக்கு 1200-க்குக் குறைந்தால் ஆபத்து என்று கொண்டார்கள். இந்தியாவில், 2004 ஏப்ரலில் அரசு இலவசச் சிகிச்சை தொடங்கிய முதல் மையங்களில் ஒன்றான தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை போன்ற இடங்களில் காசநோயைக் கணக்கில் சேர்க்காத எந்தச் சூத்திரமும் பாதிக் கணிப்புதான்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வலிதணிப்புச் சிகிச்சையில் இருந்தவர்களைப் பற்றிய 2005 ஆய்வு ஃபைன்ஸ்டைன் பக்கமே சாய்ந்தது. வயதும், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனும் சிடி4-ஐயும் வைரஸ் அளவையும் விட நன்றாக மரணத்தை முன்னுரைத்தன. ஜஸ்டிஸ் பின்னர் உருவாக்கிய குறியீட்டெண்ணிலும் ஹீமோகுளோபின், கல்லீரல், சிறுநீரக அளவுகள் இடம்பெற்றன.

கணிப்பைப் பொய்யாக்கவும் முடியும். சிடி4 100-க்குக் கீழே இருந்தவர்களுக்குக் கூடுதல் தடுப்பு மருந்துகள் கொடுத்த ஆப்பிரிக்க ஆய்வில் (2017), 24 வார இறப்பு 12.2 விழுக்காட்டிலிருந்து 8.9-ஆகக் குறைந்தது.