கலாபார் கொட்டை போன தூரம்

சூனியம் வைத்ததாக ஒருவர்மேல் பழி விழுந்தால் கலாபாரில் அந்தக் காலத்தில் வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும். ‘எசெரே’ என்ற கொட்டையை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. தென்கிழக்கு நைஜீரியாவின் எஃபிக் மக்களுடைய நீதிமுறை இது. மடியில் கனமில்லாதவன் மடமடவென்று குடித்துக் கக்கிவிடுவான், குற்றமுள்ளவன் பயந்து பயந்து குடித்து மாட்டிக்கொள்வான் என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். பயந்தவனெல்லாம் குற்றவாளியா என்ன?

மிஷனரிகள் வழியாகக் கொட்டை எடின்பரோவுக்குப் போனது. நஞ்சுகளை ஆராய்ந்த பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-இல் ஒரு துண்டைத் தானே தின்று பார்த்தார். தலை சுற்றி, கைகால் ஓய்ந்துபோகவே, சவரம் செய்த தண்ணீரை எடுத்துக் குடித்து வாந்தியெடுத்துப் பிழைத்தார். எஃபிக் சட்டப்படி அவரும் நிரபராதிதான்!

1864-இல் ஜெர்மனியில் கொட்டையின் நஞ்சைப் பிரித்தெடுத்து பைசோஸ்டிக்மைன் என்று பெயரிட்டார்கள். அதே காலத்தில் பிராக் நகரில், சாராயமென்று அட்ரோபினைக் குடித்துவிட்ட கைதிகளைத் தெளியவைக்க இந்தக் கொட்டைச் சாறு உதவியது. 1935-இல், அடிமைகளின் வழிவந்த அமெரிக்க வேதியியலாளர் பெர்சி ஜூலியன், கொட்டையே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் பைசோஸ்டிக்மைனைச் செய்துகாட்டினார்.

நினைவுக்கும் கவனத்துக்கும் மூளைக்கு அசிடைல்கோலின் வேண்டும். அதைச் சிதைக்கும் நொதியைப் பைசோஸ்டிக்மைன் தடுக்கிறது; மூளைக்குள்ளும் நுழைகிறது. அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அட்ரோபின் வகை மருந்துகளால் ஆபரேஷன் முடிந்தும் பிதற்றுகிறவர்களுக்கு மயக்க மருந்து டாக்டர்கள் இதை ஊசியாகப் போட்டது அதனால்தான்.

பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒரு வாரம் கழித்தும், பத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் கழித்தும் நினைவும் கவனமும் மங்கியிருந்ததாக 1998-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு சொன்னது. பிதற்றலைத் தெளியவைத்த மருந்து நினைவையும் காக்காதா என்ற ஆசை பிறந்தது. பெர்லினில் ஆபரேஷனின்போதே ஏற்றிப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. பைசோஸ்டிக்மைனை மாதிரியாக வைத்து உருவான ரிவாஸ்டிக்மைனை நெதர்லாந்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் குழப்பத்தோடு கிடந்தவர்களுக்குக் கொடுத்தபோது, மருந்து பெற்றவர்களிடையே சாவு கூடவே, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

மயங்கிய புத்தியைத் தட்டியெழுப்ப இந்தக் கொட்டைக்குத் தெரியும். நினைவுக்குக் காவலிருக்க அதனால் ஆகவில்லை. மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, தடைபடாத தூக்கம், சீக்கிரம் எழுந்து நடப்பது ஆகியவை முதியவர்களின் குழப்பத்தைக் குறைப்பது தெரிந்த சங்கதி. அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் பொருள், மூலிகையில் இருந்தாலும், ஆபரேஷனில் கொடுக்கும் தசை தளர்த்தும் மருந்தின் போக்கை மாற்றிவிடக்கூடும். ஆகவே வீட்டுப் பெரியவருக்கு ஆபரேஷன் என்றால், ஞாபகசக்திக்கென்று அவர் சாப்பிடும் மூலிகை மாத்திரை எதுவானாலும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.