முற்றத்திலிருந்து பீடத்தருகே: வழிபாட்டில் மேளமும் மேளக்காரரும்

பங்குகளின் விழா மலர்களைப் புரட்டுவோர் சில செய்திகளை அவற்றில் தவறாமல் காண்பர். அடிக்கல் நாட்டிய ஆண்டு, பணியாற்றிய குருக்களின் பெயர்கள், உபதேசியார்களின் சேவை, மணிக்கூண்டு எழுப்ப நன்கொடை தந்தோரின் பட்டியல் ஆகியவை அவை. கொடியேற்றத்தன்று ஊரை எழுப்பியவர், தேருக்கு முன்னே தெருத் தெருவாக நடந்தவர், ஞாயிறு தோறும் பாடற் குழுவின் ஓரத்தில் அமர்ந்து தாளம் பிசகாமல் காப்பவர் ஆகியோரின் பெயர் மட்டும் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இராது. 'மேளக்காரர்' என்பதோடு நாம் நிறுத்திக் கொள்கிறோம். அவர் ஆலய முற்றத்தில் ஏன் அத்தனை காலம் நின்றார், எவ்வாறு உள்ளே வந்தார், உள்ளே வந்தபின் அவர் பணி யாது என்பவற்றைச் சுருக்கமாக எழுதி வைப்பது இவ்விழா ஆண்டில் நம் கடமை எனக் கருதுகிறோம்.

மறைநூலில் பறை

இஸ்ராயேல் மக்கள் செங்கடலைக் கடந்து கரையேறியதும், ஆரோனின் சகோதரி மிரியாம் கையில் சிறு பறை ஒன்றை எடுத்தாள் என்று யாத்திராகமம் 15-ம் அதிகாரம் கூறுகிறது. பெண்கள் அனைவரும் பறைகளோடு ஆடிக்கொண்டு அவளைப் பின்தொடர்ந்தனர். எபிரேய மொழியில் 'தோப்' எனப்படும் அக்கருவி, வட்டமான சட்டத்தின் மேல் தோல் போர்த்தியது. நம் பறைக்கும் கஞ்சிராவுக்கும் அது உறவு. அடிமைத்தளை அறுந்த மக்களின் நன்றிப் பாடலோடு சேர்ந்து ஒலித்த கருவி இது என்பதை நாம் மறக்கலாகாது.

தாவீது அரசர் உடன்படிக்கைப் பேழையைக் கொண்டுவரப் புறப்பட்டபோதும் யாழோடும் தாளங்களோடும் பறை ஒலித்தது. 149, 150-ம் சங்கீதங்கள் பறையொலியோடு ஆண்டவரைப் புகழ நம்மை அழைக்கின்றன. ஆயினும் கவனிக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. வழிபாட்டு இசைக்கென லேவியர் நியமிக்கப்பட்டதை விவரிக்கும் நாளாகமம் முதல் நூல், யாழையும் வீணையையும் வெண்கலக் கைத்தாளத்தையும் குறிப்பிடுகிறது. பறையை அங்கே குறிப்பிடவில்லை. பவனியில் ஒலித்த பறை, ஆலயப் பணியாளரின் கருவிகளிடையே காணப்படவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம் நாட்டிலும் இதே நிலை நேர்ந்ததைப் பின்னர் காண்போம்.

அதே நூல் நமக்கு நல்ல பாடம் ஒன்றையும் கற்பிக்கிறது. வெண்கலத் தாளம் கொட்டியவர்கள் ஏமான், ஆசாப், ஏத்தான் என்று அவர்களுடைய பெயர்களை அது எழுதி வைத்துள்ளது. இசைப் பணியில் பயிற்சி பெற்றோர் 288 பேர் என்றும், ஆசிரியர் மாணவர் என்ற வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டு முறை வகுத்தனர் என்றும் 25-ம் அதிகாரம் கூறுகிறது. தாளம் கொட்டியவர் பெயரும் மறைநூலில் இடம் பெறத் தகுந்ததாயிற்று.

ஆலயத்துள் வந்த தடை

ஆதித் திருச்சபையின் தந்தையர் பலர் இசைக் கருவிகளை வழிபாட்டில் விரும்பவில்லை. பிற தெய்வ வழிபாடுகளிலும் நாடக அரங்குகளிலும் களியாட்ட விருந்துகளிலும் அக்கருவிகள் முழங்கியதே காரணம். மனிதக் குரலே மேலான கருவி என அவர்கள் எண்ணினர். பின்னர் ஆர்கன் மெல்ல மெல்ல ஆலயத்துள் இடம் பெற்றது. தோற்கருவிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

1903-ம் ஆண்டு நவம்பர் 22-ம் நாள், இசைக் கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் திருஇசை பற்றிய கட்டளை ஒன்றை வெளியிட்டார். இத்தாலிய நாடக மேடைகளின் இசை ஆலயத்துள் புகுந்திருந்த காலம் அது. அதைக் களைவதே அவருடைய நோக்கம். அக்கட்டளை பியானோவை விலக்கியது. மேளம், தாளம் போன்ற ஆரவாரக் கருவிகளையும் விலக்கியது. பாண்டு வாத்தியக் குழு ஆலயத்துள் வாசிக்கலாகாது. ஆனால் வெளியே நடக்கும் பவனிகளில், ஆயரின் அனுமதியோடு, உலகியல் பாடல்களைத் தவிர்த்து வாசிக்கலாம் என்றும் விதித்தது. உள்ளே கூடாது, வெளியே கூடும் என்ற எல்லை இவ்வாறு சட்டத்திலேயே வகுக்கப்பட்டது.

நம் ஊர்களின் முற்றம்

தமிழருக்குப் பறை அன்னியமானதன்று. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, தொழில் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. அறுவடைக்கும் போருக்கும் மணத்திற்கும் சாவுக்கும் ஒலித்த கருவி அது. நற்செய்தியை ஏற்ற நம் முன்னோர், திருநாள் கொண்டாட்டத்தில் மேளத்தை விட்டுவிடவில்லை. கொடியேற்றம், நவநாள், சப்பரம், தேர் ஆகிய அனைத்திலும் அது உடன் வந்தது. நாதசுரமும் தவிலும் வந்தன. பின்னர் பாண்டு வாத்தியமும் சேர்ந்தது. ஈழத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கர், புனிதர்களின் வரலாறுகளைக் கூத்தாக ஆடியபோது அண்ணாவியார் மத்தளத்தோடும் தாளத்தோடும் அவற்றை நடத்தினார்.

எனினும் இவையெல்லாம் கதவுக்கு வெளியே நிகழ்ந்தன. உள்ளே இலத்தீன் பூசையும் ஆர்மோனியமும் இருந்தன. தேர் நிலைக்கு வந்ததும் மேளம் ஓய்ந்தது. மேளக்காரர் கூலி பெற்று வீடு திரும்பினார்.

தோலும் தீட்டும்

மேளக்காரர் வெளியே நின்றதற்கு உரோமைச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மையே ஆகும். செத்த மாட்டின் தோலைத் தொட்டுப் பதப்படுத்தியவரும், அத்தோலைப் பறையில் போர்த்தியவரும், அதைச் சாவு வீட்டில் அடித்தவரும் தீண்டத் தகாதவராகக் கருதப்பட்டனர். பறை அடிப்பது அவர்களுக்கு விருப்பக் கலையாக இருக்கவில்லை. ஊர் சுமத்திய கட்டாய ஊழியமாயிற்று. திருமுழுக்குப் பெற்ற பின்னும் அந்தச் சுமை பல ஊர்களில் இறங்கவில்லை.

ஆலயத்துள்ளும் சாதி புகுந்தது என்பதற்கு நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் யாவரும் அறிந்த சான்று. 1872-ல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயத்தில் பீடம் ஒன்று, மக்கள் அமரும் பகுதிகள் இரண்டு, நடுவே தடுப்பு. 1910-ல் அத்தடுப்பு இடிக்கப்பட்டது. தனி இடம் கேட்டவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவர்கள் உரிமை கோரியது செல்லாது எனத் தீர்ப்பாயிற்று.

உயர்ந்த கலை எனப் போற்றப்படும் மிருதங்கத்திலும் இக்கதை உண்டு. பலா மரக் கட்டையும், பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்களும் இன்றி மிருதங்கம் இல்லை. அவற்றைத் தேர்ந்து, மூட்டி, வார் பிடித்து, நாதம் காண்பவர்களில் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர் பலர். தஞ்சையின் செபஸ்தியான் வழிவந்தோர் தலைமுறைகளாக இத்தொழிலில் சிறந்தவர்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட நூலே இவர்களை உலகறியச் செய்தது. மேடையில் வாசித்தவர் புகழ் பெற்றார். கருவியைச் செய்த கிறிஸ்தவர் பெயரின்றி இருந்தார்.

சங்கம் திறந்த கதவு

1963 டிசம்பர் 4-ம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டது. தமக்கென இசை மரபு உடைய மக்களின் இசைக்கு உரிய மதிப்பும் இடமும் தரவேண்டும் என அது பணித்தது. ஆர்கனைப் போற்றிய அதே சாசனம், பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றது. அக்கருவி புனிதப் பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆலயத்தின் மாண்புக்குப் பொருந்த வேண்டும். விசுவாசிகளின் பக்தியை வளர்க்க வேண்டும். இவையே நிபந்தனைகள்.

தோற்கருவி பீடத்தருகே வருவதைச் சங்கத்திற்கு முன்பே உலகம் ஆப்பிரிக்காவில் கேட்டிருந்தது. காங்கோவின் காமினா நகரில் பெல்ஜியப் பிரான்சிஸ்கன் குரு கிதோ ஹாசன் உருவாக்கிய 'மிசா லூபா' என்னும் பூசைப் பாடல்கள் 1958-ல் ஆப்பிரிக்க மேளங்களோடு ஒலித்தன. பின்னர் 1988-ல் அந்நாட்டிற்கென்றே ஒரு திருப்பலி முறையை உரோமை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 1967-ல் பெங்களூரில் அமலோர்பவதாஸ் அடிகள் நிறுவிய மையம் இந்தியப் பண்பாட்டுக்கேற்ற வழிபாட்டை வளர்த்தது. திருப்பலி தமிழில் நிறைவேறத் தொடங்கியதும் மிருதங்கமும் தபேலாவும் டோலக்கும் பாடற் குழுவில் அமர்ந்தன. அடுத்து டிரம்ஸ் வந்தது.

பறை மட்டும் உடனே வரவில்லை. 1967 மார்ச் 5-ம் நாள் வெளியான திருஇசை பற்றிய உரோமை அறிவுரை, பொதுவான கருத்தின்படி உலகியல் இசைக்கு மட்டுமே உரிய கருவிகளை விலக்கச் சொல்கிறது. நியாயமான விதியே. ஆனால் நம் ஊரில் பொதுவான கருத்து என்பது யாருடைய கருத்து? மிருதங்கம் தெய்வீகம், பறை சாவுக்கு உரியது என்று தீர்த்தது காதா, சாதியா? இரண்டிலும் தோல்தான் பேசுகிறது. இக்கேள்வியை நாம் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும்.

மீட்டெடுக்கப்பட்ட பறை

தலித் கிறிஸ்தவர்களிடையே இரு நிலைகள் தோன்றின. சிலர், இனி எந்தச் சாவுக்கும் பறை தொடமாட்டோம் என்று அதைக் கீழே வைத்தனர். இழிவை மறுத்த துணிவு அது. நாம் தலைவணங்க வேண்டும். வேறு சிலர், இழிவு கருவியில் இல்லை என்று சொல்லி அதை விருப்பத்தோடு கையில் எடுத்தனர். தென்னிந்தியத் திருச்சபைக் குருவும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரி ஆசிரியருமான தெயோபிலஸ் அப்பாவு, 2005-ல் மறையும் வரை, கிராமிய மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டில் கொண்டுவர உழைத்தார். திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவி அருட்சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு, தலித் இளம் பெண்களுக்குப் பறை கற்பித்து மேடையேற்றியது. ஆண்களின் கையிலேயே இருந்த கருவி, மிரியாமின் கைக்கு மீண்டது போலாயிற்று.

திருச்சபைத் தலைவர்களும் பேசினர். தமிழகத்து ஆயர்களிடம் 2003 நவம்பரில் பேசிய பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவரிடையே சாதிக் காழ்ப்பின் சாயலும் இருத்தலாகாது எனக் கண்டித்தார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, நாட்டின் ஏறத்தாழ 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித் மக்கள் என்று கூறி, அவர்கள் படும் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது.

அடிப்பவரின் பணி

உள்ளே வந்தபின் மேளக்காரர் செய்ய வேண்டியது என்ன? 1967-ம் ஆண்டு அறிவுரை தெளிவாகச் சொல்கிறது. கருவி, குரலைத் தாங்க வேண்டும். மக்கள் பங்கேற்பதை எளிதாக்க வேண்டும். பாடலின் சொற்கள் கேளாதபடி மூடிவிடலாகாது. குரு உரத்த குரலில் செபிக்கும்போது கருவி மௌனம் காக்க வேண்டும். வாசிப்பவர் கைத்திறன் மட்டும் பெற்றிருந்தால் போதாது. திருவழிபாட்டின் உட்பொருளையும் உணர்ந்திருக்க வேண்டும்.

இதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. பறையும் தவிலும் திறந்த வெளிக்கென அமைந்தவை. நான்கு சுவர்களுக்குள், கூரைக்குக் கீழ், அவற்றின் முழக்கம் இரட்டிக்கும். எனவே கையை அடக்கி வாசிப்பதே அங்கே கலை. பறையை நெருப்பில் காய்ச்சினால்தான் நாதம் எழும். பூசை நடுவே அது இயலாது. ஆகவே மேளக்காரர் முன்னதாகவே வந்து ஆயத்தம் செய்ய வேண்டும். தவக்காலத்தில் கருவிகள் பாடலுக்குத் துணை செய்வதோடு நின்றுவிடும். பெரிய வியாழனன்று வானவர் கீதத்தில் முழங்கி, பின் பாஸ்கா இரவின் வானவர் கீதம் வரை அவர் காத்திருப்பார். அந்த மௌனத்தைக் காப்பதும் அவர் வாசிப்பின் ஒரு பகுதியே. தாளம் தன் கையில் இருந்தும், முதியவரும் குழந்தையும் பாடும் வேகத்திற்கே அவர் இசைகிறார். இதைவிடச் சிறந்த தாழ்மைப் பயிற்சி உண்டோ?

இன்று பல ஆலயங்களில் கீபோர்டின் பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த தாளம் ஓடுகிறது. அது பிசகாது, களைக்காது, கூலியும் கேளாது. ஆனால் அது செபிக்காது, 'ஆமென்' சொல்லாது, நற்கருணை பெற எழுந்து வராது. முற்றத்திலிருந்து பீடத்தருகே வர ஒருவருக்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆயின. வந்தவருடைய இடத்தை இயந்திரத்திற்குக் கொடுத்துவிடுவது முறையன்று.

அன்பார்ந்த பங்கு மக்களே, விழா ஆண்டில் நாம் செய்யக் கூடியவை சில. இதுவரை நம் திருநாள்களில் மேளம் அடித்தோர் யாவர் என்று முதியோரைக் கேட்டு, அவர்கள் பெயர்களைப் பங்கின் ஏட்டில் எழுதி வைப்போம். கிழிந்த தோலை மாற்றும் செலவைப் பங்கின் பொது நிதி ஏற்கட்டும். எந்தக் குடும்பத்துப் பிள்ளையாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், விரும்பினால் கற்கட்டும். இறந்தோர் எவருக்காயினும் பறை ஒலித்தால், அது கட்டாயத்தால் ஒலிக்காமல் அன்பால் ஒலிக்கட்டும். ஏமான், ஆசாப், ஏத்தான் என்ற பெயர்களைக் காத்து வைத்த ஆண்டவர், நம் மேளக்காரரின் பெயர்களையும் வாழ்வின் நூலில் எழுதுவாராக!