துண்டு போர்த்தினால் குணமாகுமா? எக்ஸ்பாக்ஸ் சொல்லும் வைத்தியப் பாடம்

1. சூடாகிப் படுத்துவிட்ட ஒரு மெஷினுக்கு நாலு துண்டைச் சுற்றி, இன்னும் சூடேற்றி "வைத்தியம்" பார்த்த கதை தெரியுமா? பல பேருக்கு அது வேலையும் செஞ்சது. அதுதான் பிரச்சினையே. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையாப் படிங்க.

2. 2005 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கன்சோலை அமெரிக்காவில் வெளியிட்டது. பவர் பட்டனைச் சுற்றி நாலு துண்டாக ஒரு விளக்கு வளையம். எல்லாம் நல்லா இருந்தா பச்சை.

3. கொஞ்ச நாளிலேயே பல வீடுகளில் அந்த வளையத்தில் மூன்று துண்டு சிவப்பாக மின்ன ஆரம்பித்தது. கேம் வராது. விளையாடுபவர்கள் இதற்கு வைத்த பெயர் "ரெட் ரிங் ஆஃப் டெத்", மரணத்தின் சிவப்பு வளையம்.

4. இங்கே ஒன்றைக் கவனிக்கணும். மூன்று சிவப்பு என்றால் "உள்ளே ஏதோ ஹார்டுவேர் கோளாறு", அவ்வளவுதான். காய்ச்சல் மாதிரி. அது அறிகுறி, நோயின் பெயர் இல்லை.

5. ஆனால் மக்கள் சும்மா இருப்பார்களா? முதல் கைவைத்தியம், துண்டு. காற்றுத் துளைகள் எல்லாம் அடைபடுகிற மாதிரி துண்டைச் சுற்றி, கன்சோலை ஆன் செய்து கொஞ்ச நேரம் விடுவது. ஆறிய பிறகு போட்டால் பச்சை விளக்கு! தீப்பிடிக்கிற அபாயத்தைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

6. அடுத்தது "எக்ஸ் கிளாம்ப்" வைத்தியம். சிப் மேல் உட்காரும் ஹீட் சிங்கை, போர்டுக்கு அடியிலிருந்து எக்ஸ் வடிவக் கம்பி ஒன்று இழுத்துப் பிடித்திருக்கும். சூட்டில் போர்டு வளைவதற்கு இதுதான் காரணம் என்று அதைக் கழற்றிவிட்டு, போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்கினார்கள். சிலர் ஹீட் கன் பிடித்தார்கள். போர்டை அவனில் வைத்தவர்களும் உண்டு!

7. இதெல்லாம் ஏன் வேலை செஞ்சது? உள்ளே விரிசல் விட்ட இணைப்பு, சூட்டில் விரியும்போதோ அழுத்தும்போதோ மறுபடி ஒட்டிக்கொண்ட மாதிரி தொட்டுக்கொள்ளும். கரன்ட் பாயும். ஆனால் விரிசல் விரிசல்தான். சில நாளோ சில வாரமோ கழித்து, மறுபடி சிவப்பு.

8. பச்சை விளக்கு எரிந்த அன்றைக்கே "சரியாயிடுச்சு!" என்று வீடியோ போடுவார்கள். மூணு வாரம் கழித்து செத்துப்போனால் யார் வீடியோ போடுவார்? இப்படித்தான் ஒரு வைத்தியம் புகழ் பெறுகிறது. கன்சோலுக்கு மட்டுமா?

9. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. மூன்று சிவப்பு விளக்குக் கோளாறுக்கு மட்டும் வாரன்டியை மூன்று வருடமாக நீட்டியது. அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்! ஆனால் வீட்டிலேயே பெட்டியைத் திறந்தவர்களுக்கு வாரன்டி செல்லாது. கைவைத்தியத்தின் உண்மையான விலை இது.

10. சரி, நோய் என்ன? 2021-ல் எக்ஸ்பாக்ஸ் வரலாறு பற்றி அந்த நிறுவனமே ஒரு ஆவணப்படம் வெளியிட்டது. அதில் பொறியாளர்களே சொன்னார்கள்: உடைந்தது போர்டில் இருந்த இணைப்பு இல்லை, சிப்பின் பாகத்துக்கு உள்ளேயே இருந்த நுண்ணிய இணைப்புகள். வெறும் சூடு மட்டும் காரணமில்லை. ஆன் பண்ணினால் சூடு, ஆஃப் பண்ணினால் குளிர்ச்சி. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒடியும் இல்லையா? அதேதான்.

11. அதாவது துண்டு சுற்றியவர்கள், எந்தச் சூடு ஏறி இறங்கி இணைப்பை உடைத்ததோ அதையே இன்னும் அதிகமாகக் கொடுத்திருக்கிறார்கள். போல்ட் இறுக்கியவர்கள் கை வைத்தது சிப்புக்கு வெளியே. கோளாறு உள்ளே. உண்மையான தீர்வு, சூடு குறைந்த, வடிவமைப்பு மாறிய புதிய சிப்களோடுதான் வந்தது.

12. ஓபி-யில் இதே கதையை தினமும் பார்க்கிறோம். மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாத பொடி. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி போச்சு, நடந்தாச்சு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி போகத்தான் செய்யும். பின்னாலேயே சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். காசநோய்க்கு 6 மாத மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் "சரியாயிடுச்சு" என்று நிறுத்துவார்கள். கிருமி உள்ளேயே இருக்கும். திரும்ப வரும்போது மருந்துக்கு அடங்காத கிருமியாக வரலாம்.

13. கைவைத்தியம் பார்த்தவர்களைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. கையில் காசு இல்லை, கம்பெனியும் முதலில் காது கொடுக்கவில்லை என்றால் மனிதன் கிடைத்த துண்டைத்தான் எடுப்பான். பொடி வாங்கும் பாட்டியும் அப்படித்தான்.

14. ஒரே ஒரு வேண்டுகோள். "வேலை செஞ்சுதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை நாளைக்கு? உள்ளே என்ன ஆச்சு?" என்றும் கேளுங்கள். பச்சை விளக்கு எரிவது வேறு, குணமாவது வேறு.

மாத்திரையை பாதியில் நிறுத்திய யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இதைக் காட்டுங்கள். நாளைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. காசநோய்க்கு மருந்து இலவசம்.