காட்டிலாகா வேண்டாம் என்றவர்: ஷெர்லி சிஷோமும் வீட்டு வேலைத் தொழிலாளரின் கூலியும்

எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "நம்ம ஆளு எம்.எல்.ஏ. ஆயிட்டா மட்டும் என்ன ஆகுது அக்கா? வாரம் முழுக்க மனு வாங்குவார், லெட்டர் பேடில் கையெழுத்துப் போடுவார், கல்யாண வீட்டுக்குப் போவார். அதுக்குப் பேர் அரசியலா?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. தனித்தொகுதி உறுப்பினர்கள் பலர் மேல எப்படி வாழ்கிறார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரையே தரையில் உட்கார வைத்தார்கள். நாற்காலி கிடைப்பதே போராட்டமாக இருக்கும் நாட்டில், நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வது என்ற கேள்விக்கு நாம் வருவதே இல்லை. அந்தக் கேள்வியைப் பேச எங்களுக்குத் தோன்றிய பெயர் ஷெர்லி சிஷோம்.

அவரைத் தெரிந்தவர்களும் 1972ஐ மட்டும்தான் சொல்வார்கள். அமெரிக்கப் பெருங்கட்சி ஒன்றின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிட்ட முதல் கருப்பினத்தவர், ஜனநாயகக் கட்சி மாநாட்டில் 152 வாக்குகள் பெற்றவர். பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்ததும் அதே 1972 என்பதால் நம் மேடைகளில் இரண்டையும் சேர்த்துப் பேசுவதுண்டு. போஸ்டருக்கு நல்ல செய்திதான். நாங்கள் இங்கே பேச விரும்புவது போஸ்டரில் வராத வேலையைப் பற்றி.

சிஷோம் 1924இல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்தவர், சாக்குப் பை ஆலைத் தொழிலாளி. அம்மா பார்படோஸ்காரர், தையல் வேலையும் வீட்டு வேலையும் பார்த்தவர். இரண்டு சம்பளத்திலும் பிள்ளைகளை வளர்க்க முடியாமல், சிறு வயதில் ஷெர்லியையும் தங்கைகளையும் பார்படோஸில் பாட்டியிடம் அனுப்பி வைத்தார்கள். ஆயாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் குடும்பக் கதை நமக்குப் புதிதல்ல. எங்கள் வட்டத்தில் பாதிப் பேரின் அம்மாக்கள் யார் வீட்டிலோ பாத்திரம் துலக்கித்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள்.

பிற்பாடு அவர் பாலர் பள்ளி ஆசிரியர் ஆனார், குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்தினார், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் முதுகலை முடித்தார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்ததும் கொலம்பியாவில்தான். 1965இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவர் அங்கே செய்த காரியங்களில் இரண்டை மட்டும் சொல்கிறோம். ஒன்று, வசதியற்ற மாணவர்கள் நகரக் கல்லூரிகளில் சேரக் கைகொடுக்கும் 'சீக்' திட்டம். மற்றொன்று, வீட்டு வேலைத் தொழிலாளருக்கும் வேலையிழப்புக் காப்பீடு. அம்மா செய்த வேலையை மகள் சட்டப் புத்தகத்தில் ஏற்றத் தொடங்கியது அங்கேதான்.

1968 நவம்பரில் அமெரிக்க மக்களவைக்குத் தேர்தல். எதிர் வேட்பாளர் சாதாரண ஆள் இல்லை, சிவில் உரிமைப் போராட்டத்தின் பெருந்தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஃபார்மர். வாஷிங்டனில் ஆண் குரல் ஒலிக்க வேண்டும் என்பது அவர் தரப்புப் பிரச்சாரம். (இயக்கத் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.) பிரச்சாரத்தின் நடுவே சிஷோமுக்குக் கட்டி அறுவை சிகிச்சை நடந்தது. தேறியதும் தெருவுக்குத் திரும்பினார். தொகுதியில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் நிறைய, அவர்களிடம் ஸ்பானிஷிலேயே பேசினார். ஃபார்மரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வாக்குகள் பெற்று, மக்களவைக்குப் போன முதல் கருப்பினப் பெண் ஆனார்.

1969 ஜனவரியில்தான் நாம் கவனிக்க வேண்டிய சம்பவம். அமெரிக்க மக்களவையில் உண்மையான வேலை நடப்பது குழுக்களில். எந்தக் குழுவில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் தொகுதிக்கு எதைச் சாதிக்க முடியும் என்பது. சிஷோமுக்குக் கொடுத்தது வேளாண்மைக் குழு. அதற்குள் காடுகள், கிராம வளர்ச்சி பற்றிய உட்குழு. ப்ரூக்ளினின் பெட்ஃபர்ட் ஸ்டைவசண்ட், கட்டடத்தோடு கட்டடம் ஒட்டிய நகரச் சேரி. அங்கே ஏது காடு? ப்ரூக்ளினில் ஒரு மரம் வளர்ந்தது என்பது மட்டும்தான் இவர்களுக்குத் தெரியும் போலிருக்கிறது என்று ஒரு பழைய நாவலின் பெயரை வைத்து அவர் கிண்டலடித்தார்.

அவைத் தலைவர் மெக்கார்மக்கிடம் போய் முறையிட்டார். நல்ல சிப்பாயாக இருந்து கொடுத்ததை ஏற்றுக்கொள், காலம் வரும் என்பது பதில். இந்த வாசகத்தை நாம் எத்தனை கட்சி அலுவலகங்களில் கேட்டிருப்போம்! புது உறுப்பினர்கள் வாய் திறக்கக் கூடாது என்ற மரபு அங்கே இரும்பு போல இருந்தது. சிஷோம் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் எழுந்தார். ஒவ்வொரு முறை எழும்போதும் வேறொரு மூத்த ஆணுக்கு வாய்ப்புப் போனது. கடைசியில் அவர் நடந்து போய் அவையின் முன்னால் நின்றுகொண்டார். குழுக்களை ஒதுக்கும் அதிகாரம் பெற்றிருந்த வில்பர் மில்ஸ் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டியதாயிற்று. இத்தனை பெரிய அவையில் கருப்பினத்தவர் ஒரு கை விரல், இரு கை விரல் கணக்கில்தான் இருக்கிறோம், இருப்பவர்களையாவது எங்கள் மக்களுக்குப் பயன்படும் இடத்தில் வையுங்கள் என்று வாதாடினார். முன்னாள் படைவீரர் விவகாரக் குழுவுக்கு மாற்றினார்கள். அவர் கேட்ட கல்விக் குழு அது இல்லை. ஆனாலும் என் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் படைவீரர்கள்தான் அதிகம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்.

முன்னாள் படைவீரர் குடும்பம் என்றால் அங்கே என்ன பொருள் என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்களுக்குப் படிப்பு, வீடு, தொழில் கடன் என்று 1944இல் பெரிய சட்டம் வந்தது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. கடன் கொடுப்பது உள்ளூர் வங்கி, படிவத்தைப் பார்ப்பது உள்ளூர் வெள்ளை அதிகாரி. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் இச்சட்டத்தின் உத்தரவாதத்தில் வழங்கிய 3,229 கடன்களில் கருப்பினத்தவருக்குப் போனவை 2. இரண்டு நூறு அல்ல, இரண்டு. சட்டம் சமம், மேசை சாதி. வன்கொடுமைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட ஒரு நாள் முழுக்கக் காவல் நிலைய வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

வியட்நாம் போரிலும் இதே கதைதான். 1966இல் ராணுவம் தேர்வுத் தகுதியைக் குறைத்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது, அவர்களில் சுமார் 40 சதவீதம் கருப்பினத்தவர். போரின் முதல் ஆண்டுகளில் களத்தில் செத்தவர்களில் அவர்களின் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். உயிரோடு திரும்பியவர்களிலும் 'நன்னடத்தை' முத்திரை இல்லாத விடுவிப்புச் சான்று பெற்றவர்கள் வெள்ளையரைவிடக் கருப்பினத்தவரே கூடுதல். அந்த ஒரு தாளால் சலுகைகள் பறிபோயின, வேலையும் கிடைக்கவில்லை. 1971 நவம்பரில் மக்களவையின் கருப்பின உறுப்பினர் குழு ராணுவத்தில் நிறவெறி பற்றி விசாரணை நடத்தியது. அதில் சிஷோமும் இருந்தார்.

இதில் முரண்பாடு பார்ப்பவர்கள் உண்டு. 1969 மார்ச் 26 அன்று மக்களவையில் தன் முதல் உரையிலேயே சிஷோம் போரை எதிர்த்தார், நாட்டு மக்களின் தேவைக்கு முன்னுரிமை வரும்வரை ராணுவத்துக்குப் பணம் ஒதுக்கும் எந்த மசோதாவுக்கும் எதிராகவே வாக்களிப்பேன் என்று அறிவித்தார். அப்புறம் எப்படிப் படைவீரர் குழுவில் உட்காருவார்? எங்கள் பார்வையில் இரண்டும் ஒரே நிலைப்பாடுதான். போருக்கு அனுப்பப்பட்டவன் வேறு வழியில்லாத ஏழை வீட்டுப் பையன். மகர் படையினர் குடும்பத்தில், மாவ் ராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜியின் மகனாகப் பிறந்தவரின் வாரிசுகள் நாம். ராணுவத்தில் சேர்ந்தால்தான் மகர்களுக்குப் படிப்பு என்ற நிலை இருந்தது. ஆங்கிலேயன் ஆள் எடுப்பதை நிறுத்தியதும் அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. சீருடைக்குள் இருப்பவனின் உரிமையும் போர் எதிர்ப்பும் நமக்கு வேறு வேறு அல்ல.

சிஷோமின் வாரம் வாஷிங்டனுக்கும் ப்ரூக்ளினுக்கும் இடையே கிழிபட்டது. வார நடுவில் குழுக் கூட்டம், வாக்கெடுப்பு. வார இறுதியில் தொகுதி. புது உறுப்பினர் ஒருவரால் ஒரே வருடத்தில் பெரிய சட்டம் எதையும் கொண்டுவர முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் மக்களின் மனுக்களைக் கவனிக்கும் அலுவலகத்தை ஒழுங்காக அமைத்தார். ஓய்வூதியம் வரவில்லை, வீட்டு வாடகை உதவி நின்றுவிட்டது, உணவுக் கூப்பன் மறுக்கிறார்கள் என்று வரும் கடிதங்கள்தான் அப்படிப்பட்ட அலுவலகத்தின் அன்றாடச் சோறு. பணியாளர்களாக முழுக்கப் பெண்களையே வைத்தார், பாதிப் பேர் கருப்பினப் பெண்கள்.

அந்த மாணவிக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். மனு ஒரு தனி ஆளின் குறை. ஒரே குறை நூறு மனுவாக வந்தால் அது சட்டத்தின் ஓட்டை. பெரும்பாலான எம்.எல்.ஏ.க்கள் நூறு பேருக்கும் நூறு சிபாரிசுக் கடிதம் கொடுத்து நூறு நன்றிக்கடனைச் சம்பாதிப்பார்கள். ஓட்டையை அடைத்துவிட்டால் நாளைக்கு யாரும் வாசலில் நிற்க மாட்டார்களே! சிஷோம் அடைக்கப் போன ஓட்டை மிகப் பழையது.

1935இல் அமெரிக்கா சமூகப் பாதுகாப்புச் சட்டம் போட்டபோது வீட்டு வேலைக்காரர்களையும் பண்ணைத் தொழிலாளரையும் வெளியே நிறுத்தியது. 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. தெற்கு மாநிலங்களில் இந்த இரண்டு வேலையையும் செய்தவர்கள் பெரும்பாலும் கருப்பினத்தவர். சட்டத்தில் 'கருப்பர்' என்ற சொல் தேவைப்படவே இல்லை, தொழிலின் பெயரே போதுமாக இருந்தது. தொழிலை வைத்துச் சாதி சொல்லும் நாட்டவர் நமக்கு இது தெரியாதா?

அந்தப் பெண்கள் காத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அட்லாண்டாவில் டோரதி போல்டன் என்ற வீட்டு வேலைத் தொழிலாளி 1968இல் சங்கம் கட்டினார், உறுப்பினராக வேண்டுமென்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார். 1971 ஜூலையில் நாடெங்கிலுமிருந்து வீட்டு வேலைப் பெண்கள் வாஷிங்டனில் மாநாடு கூடினார்கள். சிஷோம் அங்கே போய்ப் பேசினார். அதே ஆண்டு அவருக்குக் கல்வி, தொழிலாளர் குழுவில் இடம் கிடைத்தது. முதலில் கேட்டு மறுக்கப்பட்ட இடம். கூலிச் சட்டம் திருத்தப்படும் மேசை அதுதான்.

1973இல் இரு அவைகளும் நிறைவேற்றிய திருத்தத்தை நிக்சன் ரத்து செய்தார். மறுபடி கொண்டுவர வேண்டும், தெற்கத்திய உறுப்பினர்களின் வாக்கும் வேண்டும். இங்கேதான் பலருக்கு ஜீரணிக்க முடியாத ஒரு விஷயம். அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், கருப்பின மாணவர்களைத் தடுக்க 1963இல் பல்கலைக்கழக வாசலில் நின்ற ஆள். 1972 மே 15 அன்று பிரச்சாரத்தில் சுடப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதே தேர்தலில் போட்டியிட்டுக்கொண்டிருந்த சிஷோம் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார். உங்கள் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று வாலஸ் கேட்டாராம். என்ன சொல்வார்கள் என்று தெரியும், ஆனால் உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது என்றாராம் இவர். சொந்த மக்கள் கடுமையாகத் திட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து இந்தச் சட்டத்துக்குத் தெற்கத்திய வாக்குகளைத் திரட்ட வாலஸ் உதவினார் என்று சிஷோமே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வட்டத்தில் இதற்கு ஒருமித்த கருத்து இல்லை. ஒரு தோழர், நம்மை வெட்டியவனைப் பார்க்க ஆப்பிளோடு போக முடியாது என்று எழுந்தே போய்விட்டார். அவர் கோபத்தைத் தவறு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மேலவளவை மறக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஒன்றை மட்டும் கவனித்தோம்: சிஷோம் வாலஸின் அரசியலை ஒரு சொல்லால்கூட ஆதரிக்கவில்லை, தன் கட்சியை அவரிடம் அடகு வைக்கவும் இல்லை.

1974 ஏப்ரல் 8 அன்று நிக்சன் கையெழுத்திட்டார். மே 1 முதல் வீட்டு வேலைத் தொழிலாளருக்கும் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 1 டாலர் 90 சென்ட். நெடுங்காலமாகவே சட்டத்துக்குள் இருந்த பெரும்பாலான தொழிலாளருக்கு 2 டாலர். அந்தப் பத்து சென்ட் வித்தியாசத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு அந்தச் சட்டத்துக்குள்ளேயே புது ஓட்டை ஒன்று வைக்கப்பட்டது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் வீட்டில் 'துணை'யாக இருப்பவர்களுக்குக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு. பக்கத்து வீட்டுப் பெண் பாட்டிக்குத் துணையாக உட்காருவதைப் பற்றித்தான் என்று சொன்னார்கள். 1975இல் தொழிலாளர் துறை எழுதிய விதி, நிறுவனங்கள் சம்பளத்துக்கு அனுப்பும் வீட்டு மருத்துவப் பணியாளர்களையும் அந்த விலக்குக்குள் தள்ளியது. நம்மூரில் ஹோம் நர்ஸ் என்கிறோமே, அவர்கள்தான். புண் துடைப்பது, குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் 'துணை'. ஜமைக்காவிலிருந்து வந்து நியூயார்க்கில் இருபது ஆண்டுகள் இந்த வேலை பார்த்த ஒரு பெண் கூடுதல் நேரக் கூலி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். நிறுவனங்கள் அந்த விலக்கைப் பயன்படுத்த முடியாதபடி விதி மாறி நடைமுறைக்கு வந்தது 2015இல். அதற்குள் அந்தப் பெண் இறந்துவிட்டார். சிஷோமும் 2005இலேயே காலமாகியிருந்தார்.

வீட்டு வேலைத் தொழிலாளருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. கேள்வி கேட்ட அந்த மாணவியிடம், உன் அம்மா அதில் பதிந்திருக்கிறாரா என்று கேட்டோம். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. வட்டத்தில் இருந்த இருபத்து மூன்று பேரில், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் பதினொரு பேர். பதிவு செய்தவர் ஒருவர்.

அடுத்த ஞாயிறு வட்டத்துக்கு வருகிறவர்கள் அம்மாவின் ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், வங்கிப் புத்தக நகல், இரண்டு போட்டோ கொண்டு வாருங்கள். ஹோம் நர்ஸாகப் போகிற அக்காமார் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். பதிவை மறுத்தால், யார் மறுத்தார், எந்தத் தேதி, என்ன காரணம் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். நோட்டு நிறைந்ததும் தொகுதி உறுப்பினரைப் பார்க்கப் போவோம்.