பிறப்பும் இறப்பும் விலக்கப்பட்ட தீவு

கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் பாய்மரப் படகேறி உலவும் பயணியர், மைக்கோனோஸ் தீவை அடைந்ததும் அதன் அண்மையிலுள்ள டீலோஸ் தீவையும் கண்டு வருவது வழக்கம். காலையில் செல்வோர் மாலைக்குள் திரும்பிவிடல் வேண்டும். இரவில் தங்க இசைவில்லை. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமே உடைய அத்தீவில் காவலரும் தொல்லியல் அறிஞரும் அன்றிக் குடிமக்கள் எவரும் இலர். ஒரு காலத்தில் கிரேக்க உலகின் நடுநாயகமாய் விளங்கிய தீவு இந்நிலை எய்தியது எவ்வாறு?

ஒளிக்கடவுளாகிய அப்பல்லோ பிறந்த இடம் டீலோஸ் என்பது கிரேக்கர் நம்பிக்கை. இதனைச் சூழ வட்டமாய் அமைந்தவை என்னும் பொருளிலேயே சுற்றுத்தீவுகள் 'சைக்ளடீஸ்' எனப் பெயர் பெற்றன. நாக்சோஸ் தீவினர் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் இங்குச் சலவைக்கல் சிங்கங்களை வரிசையாக நிறுவினர்.

பாரசீகப் படையெடுப்பை முறியடித்த பின்னர், கி.மு. 478இல் ஏதென்ஸின் தலைமையில் கிரேக்க நகரங்கள் ஒரு கூட்டணி அமைத்தன. அதன் பொதுக் கருவூலம் டீலோஸில் வைக்கப்பட்டது. தெய்வத்தின் காவலில் உள்ள பொருளை எவரும் தீண்டார் என்று நம்பினர். ஆனால் கி.மு. 454இல் அக்கருவூலம் ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. நட்பு நாடுகளின் பணத்தால் தம் நகரை அணிசெய்வது முறையோ என ஏதென்ஸிலேயே சிலர் இடித்துரைத்தனர் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார்.

கி.மு. 426இல் ஏதென்ஸ் மக்கள் தீவைத் தூய்மை செய்யும் பொருட்டு அங்கிருந்த கல்லறைகள் அனைத்தையும் தோண்டி அகற்றினர். இனி அங்கு எவரும் பிறத்தலும் இறத்தலும் கூடாதென விதித்தனர். பேறுகாலப் பெண்டிரும் இறக்கும் நிலையினரும் அருகிலுள்ள ரெனியா தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கி.மு. 422இல் தீவின் மக்களையே வெளியேற்றினர். மறு ஆண்டு திரும்ப இசைந்தனர்.

பின்னர் உரோமர் ஆதிக்கம் வந்தது. ரோட்ஸ் தீவின் வணிக வலிமையைக் குறைக்கக் கருதிய அவர்கள், கி.மு. 167-166 அளவில் டீலோஸை ஏதென்ஸின் பொறுப்பில் விட்டுச் சுங்கவரியற்ற துறைமுகமாக்கினர். தீவின் மக்கள் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். பல நாட்டு வணிகர் குவிந்தனர், செல்வம் பெருகியது. அச்செல்வத்தில் பெரும்பங்கு அடிமை வாணிகத்தால் வந்தது. ஒரே நாளில் பதினாயிரம் அடிமைகளை வாங்கவும் விற்கவும் வல்ல சந்தை என ஸ்ட்ராபோ குறித்துள்ளார். குழந்தை பிறந்தாலும் முதியவர் இறந்தாலும் மாசுறும் எனக் கருதப்பட்ட மண்ணில், மனிதரை விலைகூறி விற்றல் மாசாகக் கருதப்படவில்லை.

கி.மு. 88இல் மித்ரிடேட்டஸ் மன்னனின் படை தீவைச் சூறையாடியது, கி.மு. 69இல் கடற்கொள்ளையர் அழித்தனர். வணிகப் பாதைகளும் மாறவே, டீலோஸ் மெல்ல மெல்ல வெறுமையுற்றது. 1873 முதல் பிரெஞ்சு அறிஞர்கள் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த அந்நகரம், 1990இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது.

டீலோஸின் புனிதத்தைப் போற்றியோர் பலர். அங்கு வாழ்ந்த மக்களைப் போற்றியோர் சிலரே. கோயிலும் கருவூலமும் துறைமுகமும் ஆதிக்கம் செலுத்தியோர்க்குப் பயன்பட்டன. மண்ணைத் தூயதென வணங்கி, அம்மண்ணின் மாந்தரை மறக்கும் சமுதாயம் நிலைபெறாது என்பதே ஆளற்ற அத்தீவு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.