லயத்து நாய்: எல்லைமலைத் தமிழரும் வளர்ப்புப் பிராணிகளும்

‘பெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகச் ‘செல்லப்பிராணி’ என்று சொல்லி நாம் பழகிவிட்டோம். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் காவலுக்கு நாய், எலிக்குப் பூனை, ஏருக்கு மாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. வேலைக்காக வளர்த்தார்கள், அதனால் பாசம் இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். நம் கல்வெட்டுகள் அப்படிச் சொல்லவில்லை.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனுடைய நாயின் உருவமும் கூடவே செதுக்கப்பட்டிருக்கிறது. அதோடு நிற்கவில்லை, நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் தனியாகப் பொறித்திருக்கிறார்கள். மன்னன் பெயர் இருக்கும் அதே கல்லில் நாயின் பெயரும் இருப்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மற்ற நாட்டாரைப் பார்த்தால் ஆளுக்கொரு வழி. வீட்டுப் பூனை செத்தால் எகிப்தியர் புருவத்தை மழித்துக்கொண்டார்கள் என்று கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எழுதினார். 1925இல் இறந்துபோன பேராசிரியருக்காக டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் 1935 வரை காத்திருந்த ஹச்சிகோவை ஜப்பானியர் சிலையாக வைத்திருக்கிறார்கள். நியூயார்க் அருகே ஹார்ட்ஸ்டேலில் 1896 முதல் பிராணிகளுக்கென்றே ஓர் இடுகாடு இருக்கிறது. நம் பக்கத்தில் பைரவருக்கு வாகனம் நாய். ஆனால் ‘நாயே’ என்பது வசை! வடகேரளத்துப் பறசினிக்கடவு முத்தப்பன் கோவிலில் பிரசாதம் முதலில் நாய்க்குத்தான். அதே மலையாளத்தில் ‘பட்டி’ என்றால் நாய், அதுவும் வசைதான். தமிழில் பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டு பட்டியும் தெரியும்.

அந்த எல்லையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாலக்காட்டின் கிழக்கோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொங்கு நாட்டின் தொடர்ச்சி. அங்கே பாசமெல்லாம் மாட்டின் மேல். தெற்கே இடுக்கியின் ஏலமலைக்கு இந்தப் பக்கத்து அடிவாரத்தில் கோம்பை இருக்கிறது. காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன கோம்பை நாய் அந்த ஊர்ப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தேவிகுளமும் பீர்மேடும் 1956 மாநிலப் பிரிவினையில் கேரளத்தோடு போயின. அங்கே தேயிலை கிள்ளும் தமிழர் அங்கேயே இருந்தார்கள். கங்காணி வழி மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் லயங்களில்தான் குடியிருக்கிறார்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகள். அங்கே நாய் ஒரு வீட்டுக்கென்று இருந்தாலும் வரிசை முழுக்கச் சோறு தின்னும், வரிசை முழுக்கக் காவல் காக்கும். சட்டப் புத்தகத்துக்கு நாய் என்றால் ஒன்று வளர்ப்பு நாய், இல்லை தெருநாய். லயத்து நாயை இந்த இரண்டில் எதிலும் சரியாக அடைக்க முடியாது.

மலையில் காட்டு விலங்குக்கும் பேர் வைக்கிறார்கள். மூணாறில் திரியும் ஒரு கொம்பன் யானைக்கு ரஜினி படத்தின் பெயரான படையப்பா என்று பேர். சின்னக்கானலில் அரிசி தேடி வீடுகளை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்து இடம் மாற்றினார்கள். அது கம்பம் நகருக்குள் வந்து நின்றது. பேர் வைத்ததாலேயே அது செல்லமாகிவிடாது. உடைந்த வீட்டுக்குள் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறை அடுத்த ராஜமலை, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் சேதி எட்டியது. போனது 70 உயிர். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கத்தை வேராகக் கொண்ட தமிழர். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை.

மீட்புப் படையினர் மண்ணையும் ஆற்றையும் சலித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாம் நாள், லயத்திலிருந்து வெகுதூரம் கீழே, ஆற்றோரத்தில் ஒரு நாய் தண்ணீரையே பார்த்தபடி நகராமல் நின்றது. போய்ப் பார்த்தால், மரக்கிளையில் சிக்கிய இரண்டு வயதுப் பெண் குழந்தையின் உடல். நாயின் பெயர் குவி. அந்தக் குழந்தையோடு ஒரே வீட்டில் வளர்ந்தது. மோப்பப் பயிற்சியும் இல்லை, கழுத்துப் பட்டையும் இல்லை.

கோவிவன், குவி! பெயர் ஒத்திருப்பது தற்செயல்தான். சொல்லாய்வுக்கு யாரும் கிளம்ப வேண்டாம். காவல் நின்றதற்காகக் கோவிவன் கல்லில் ஏறியது. குவி செய்த காரியத்தில் காக்க எதுவும் மிச்சமில்லை, தேடல் மட்டும்தான். இதை வெறும் ‘விசுவாசம்’ என்று பத்திரிகைகள் எழுதியது எனக்குக் குறைவாகவே படுகிறது. எஜமானுக்குக் காட்டுவதுதானே விசுவாசம்? இரண்டு வயதுப் பிள்ளை யாருக்கு எஜமான்?

நாம் வாழும் அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலின்போது, நாயை விட்டு வரமாட்டோம் என்று பலர் வெள்ளத்தில் தங்கி உயிரிழந்தார்கள். மறு ஆண்டே சட்டம் வந்தது: பேரிடர்த் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் வேண்டும். 2018 கேரள வெள்ளத்தில் திருச்சூர்ப் பெண் ஒருவர் தன் 25 நாய்களையும் ஏற்றினால்தான் வருவேன் என்று சாதித்து, அப்படியே மீட்கப்பட்டார். இவர்களுக்கெல்லாம் மறுக்க நேரமாவது இருந்தது. பெட்டிமுடிக்காரர்கள் தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

குழந்தை கிடைத்த பிறகு குவி சரியாகச் சாப்பிடவில்லை. காவல்துறையின் நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் அதன் மேல் இரக்கப்பட்டு, உரிய அனுமதி வாங்கி இடுக்கி நாய்ப்படைக்குக் கொண்டுபோனார். அங்கே பயிற்சியும் நடந்தது. படைக்கு நல்ல நாய் கிடைத்தது என்று அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் பாட்டி உயிரோடு இருந்தார். 2021இல் குவியை அவரிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். அரசாங்கத்துக்குப் பயன்படும் நாய் என்பதைவிட, அந்தப் பாட்டிக்கு மிச்சமிருந்த வீட்டு ஆள் என்பதைப் பெரிதாக நினைத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன்.